சந்தை வாசலில் ஒரு செஸ்னா

அந்த ஊரில் எங்கள் நால்வருக்கும் அறை வாடகை ஓர் இரவுக்கு 129 டாலர். வெட்டவெளியில், நாங்களே கொண்டுபோன கயிற்றால் கட்டிவிட்டு வந்த எங்கள் குட்டி விமானம் செஸ்னாவுக்கு 165 டாலர். அறையில் வெந்நீர், டிவி, காலையில் வாஃபிள் எல்லாம் உண்டு. செஸ்னாவுக்குக் கிடைத்தது கடற்காற்றும் இறக்கை மேல் கொஞ்சம் பறவை எச்சமும்தான்.

நடந்தது 2023 அக்டோபரில். வட கரோலினாவில் ராலேக்கு வடக்கே ஒரு சிறிய விமானத்தளத்தில் எங்கள் விமானம் நிற்கிறது. "எங்கள்" என்றால் மூன்று பேருக்குச் சொந்தம்: ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர், ஒரு பிளம்பர், நான். 1975-இல் செய்த செஸ்னா 172. என்னைவிட மூன்று வயது மூத்தது. என் பங்குக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பழைய ஹோண்டா கார் வாங்கியிருக்கலாம். இதைச் சொல்லக் காரணம், "சொந்தமா பிளேன் வெச்சிருக்கியா?" என்று கேட்கும் ஊர் நண்பர்கள் கண்ணில் உடனே ஓர் அம்பானி தெரிகிறார். அம்பானி எல்லாம் இல்லை. கதவு சரியாகச் சாத்தாத, மழை பெய்தால் இடது காலில் சொட்டும் வண்டி அது.

கடற்கரை ஊர் ஒன்றுக்கு வார இறுதிக்குப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். ஒன்றரை மணி நேரப் பறத்தல். இறங்கியதும் கோல்ஃப் வண்டியில் ஒரு பையன் வந்தான், ஆரஞ்சுக் கோல்களை ஆட்டி நிறுத்தும் இடத்தைக் காட்டினான், கதவு திறந்ததும் சக்கரத்தடியில் ஒரு சிவப்புக் கம்பளத்தை விரித்தான். நிஜமாகவே சிவப்புக் கம்பளம். என் பெண் சிரித்துவிட்டாள். இரண்டு முழ நீளம்தான், ஆனால் அதில் கால் வைத்த நொடியில் மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கவுண்டரில் ரசீது கொடுத்தார்கள். ராம்ப், அதாவது விமானம் நிறுத்தும் தளம், அதற்குக் கட்டணம் 35. ஃபெசிலிட்டி கட்டணம் 65. செக்யூரிட்டி 18. 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ரெக்கவரி' என்று ஒன்று, அது 22. இரவு நிறுத்தியதற்கு 25. கூட்டினால் 165.

"பெட்ரோல் போட்டால் ஃபெசிலிட்டி கட்டணம் தள்ளுபடி" என்றாள் கவுண்டர் பெண், நல்ல மனசோடுதான்.

"எவ்வளவு போடணும்?"

"குறைந்தது 20 கேலன்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் வண்டியில் பறப்பதற்குப் பயன்படும் எரிபொருளே மொத்தம் 38 கேலன். முழு டாங்க்கோடு கிளம்பினோம். ஒன்றரை மணி நேரத்தில் குடித்தது பதின்மூன்று. அதாவது டாங்க்கில் இருந்த காலி இடமே பதின்மூன்று கேலன்தான். இருபது கேலன் வாங்க நான் ஆசைப்பட்டாலும் மிச்சம் ஏழு கேலனை என் ஷூவில்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கேலன் 9 டாலர் 15 சென்ட். எங்கள் தளத்தில் அதே வாரம் 5 டாலர் 70 சென்ட்.

"ஏதாவது கேளுங்க" என்று மனைவி காதருகே சொன்னாள். கேட்டேன். "இந்தக் கட்டண விவரம் எங்கே எழுதிப் போட்டிருக்கு?" கவுண்டர் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். எங்கும் இல்லை. வெப்சைட்டிலும் இல்லை. கார்டை நீட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க ஹெட்செட்டில் யாரும் பேசவில்லை.

சரி, இந்தக் கவுண்டர் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானநிலையங்கள் பெரும்பாலும் ஊராட்சிக்கோ, நம் மாவட்டம் மாதிரியான கவுண்டிக்கோ, நகரத்துக்கோ சொந்தம். அங்கே பெட்ரோல் விற்பது, நிறுத்த இடம் காட்டுவது, கழிப்பறை, காப்பி, வாடகைக் கார் எல்லாவற்றையும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவருக்கு எஃப்.பி.ஓ. என்று பெயர். 'ஓரிடத்தில் நிலையாக இருந்து தொழில் செய்கிறவர்' என்பது அந்தப் பெயரின் பொருள். முதல் உலகப் போருக்குப் பிறகு மிஞ்சிய விமானங்களை வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் வயலில் இறங்கி வித்தை காட்டிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1926-இல் மத்திய அரசு விமானப் போக்குவரத்துக்குச் சட்டம் கொண்டுவந்ததும் அவர்களில் பலர் ஓரிடத்தில் குடியமர்ந்து கடை போட்டார்கள். நாடோடிகள் கடை போட்டதால் வந்த பெயர். இப்போது அந்தக் கடைகளில் கணிசமானவை பெரிய சங்கிலி நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. பல ஊர்களில் ஒரே ஒரு கடைதான்.

அன்று இரவு அப்பாவுக்கு போன் போட்டேன். வழக்கமான ஞாயிறு அழைப்பு. நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ரேட் போர்டு இல்லையா?"

"இல்லப்பா."

"அப்ப அவன் வசூலிச்சதே தப்பு. ஏலம் விட்டது யாரு?"

அப்பா திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் வாரச்சந்தை ஏலம் அவர் மேஜை வழியாகத்தான் போகும். ஏலம் எடுத்தவர் சந்தை வாசலில் நின்று சுங்கம் வசூலிப்பார். ஆட்டுக்கு இவ்வளவு, கோழிக்கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, தலைச்சுமைக்கு இவ்வளவு என்று ஒரு தகரப் போர்டில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மாட்டுவார்கள். மாட்டிவிட்டு அதன்மேல் ஒரு சாக்கைக் காயப் போடுவார்கள். அப்பா சந்தை நாளில் சைக்கிளில் போய் அந்தச் சாக்கை எடுத்துக் கீழே போட்டுவிட்டு வருவார். எதுவும் பேச மாட்டார். பத்து வயதில் நான் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதிகம் ஏமாறுவது தலைச்சுமைக்காரர்கள்தான் என்பார். லாரிக்காரனுக்கு விலை தெரியும், அவனிடம் வாலாட்ட முடியாது. ஒரு கூடை முருங்கைக்காயோடு வருகிற கிழவி கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

பிசினஸ் ஜெட் லாரி என்றால் நான் தலைச்சுமை. அந்தத் தளத்தில் எனக்கு முன்னால் நின்ற ஜெட் எண்ணூறு கேலன் போட்டுக்கொண்டு போனது. அதற்கு எல்லாம் தள்ளுபடி.

"ஏலம் விட்டது யாரு?" என்ற கேள்விதான் என்னை இரண்டு மாதம் தூங்கவிடவில்லை. தேடத் தேட ஒரு விஷயம் தெளிவானது. இங்கே சிறிய விமானநிலையங்களில் ஓடுபாதை போடுவது, ராம்ப் போடுவது, வேலி போடுவது எல்லாவற்றுக்கும் மத்திய அரசு மானியம் தருகிறது. செலவில் தொண்ணூறு சதவீதம் அளவுக்கு. அந்தப் பணம் விமான டிக்கெட் வரியிலிருந்தும் எரிபொருள் வரியிலிருந்தும் வருகிறது. நான் போடும் ஒவ்வொரு கேலனிலும் 19 சென்ட் சொச்சம் அதற்குப் போகிறது. மானியம் வாங்கும் நிர்வாகம் அதற்குப் பதிலாக எஃப்.ஏ.ஏ. என்ற மத்திய விமானத்துறைக்குச் சில உறுதிமொழிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் இருபத்திரண்டாவது உறுதிமொழி என்ன சொல்கிறது என்றால், விமானநிலையம் எல்லா வகை விமானங்களுக்கும் நியாயமான நிபந்தனைகளில், அநியாயமான பாரபட்சம் இல்லாமல் திறந்திருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. குத்தகைதாரரோடு போடும் ஒப்பந்தத்திலும், அவர் ஒவ்வொரு சேவைக்கும் நியாயமான விலைதான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து, அதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும். அதே இருபத்திரண்டில் இன்னொரு பிரிவு, தன் விமானத்துக்குத் தானே வேலை செய்துகொள்கிறவரைத் தடுக்கக் கூடாது என்கிறது.

ஓடுபாதை, ராம்ப் போன்ற வேலைகளுக்கு வாங்கிய மானியமென்றால் இந்தக் கட்டுப்பாடு அதிகபட்சம் இருபது வருடம். மானியத்தில் நிலமே வாங்கியிருந்தால் காலவரையறையே கிடையாது.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம ஏல நிபந்தனை மாதிரியேதான் இருக்கு" என்றார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

இந்தச் சண்டை எனக்கு முன்பே நடந்துகொண்டிருக்கிறது. 1939-இல் தொடங்கிய ஏ.ஓ.பி.ஏ. என்ற விமானி-உரிமையாளர் சங்கம் 2017-இல் கட்டணப் புகார்களைச் சேர்க்க ஆரம்பித்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் எங்கள் மாநிலத்து ஆஷ்வில், புளோரிடாவின் கீ வெஸ்ட், இல்லினாய்ஸின் வாக்கீகன் ஆகிய மூன்று விமானநிலையங்கள் குறித்து எஃப்.ஏ.ஏ.-விடம் முறைசாராப் புகார் கொடுத்தது. எஃப்.ஏ.ஏ. விலையை நிர்ணயிப்பதில்லை. எவ்வளவு என்பது நியாயம் என்று எங்கும் எண் போட்டு எழுதவும் இல்லை. 'நியாயமான' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாரும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

புகாருக்கு இரண்டு வழிகள். விமானத்துறை விதிகளில் பதின்மூன்றாம் பகுதி என்பது முறைசாரா வழி, யாரும் எழுதலாம். பதினாறாம் பகுதி கோர்ட் மாதிரி: நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்தான் போட முடியும், அதற்கு முன் பேசித் தீர்க்க உண்மையாகவே முயன்றேன் என்று சான்றும் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் அந்தப் பக்கம் தலை வைக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள். நான் முதலில் பேசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த விமானநிலையத்தை நடத்துவது ஒரு கமிஷன், அதாவது ஒரு நிர்வாகக் குழு. மாதம் ஒரு கூட்டம், பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பிப்ரவரிக் கூட்டத்துக்குப் போனேன். காரில், மூன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு. விமானத்தில் போயிருக்கலாம், ஆனால் கட்டணத்தைப் பற்றிப் புகார் சொல்லப் போய் அதற்கும் 140 டாலர் கட்டிவிட்டு வந்தால் வீட்டில் என்னை வைத்துப் பேசுவார்கள்.

கூட்டத்தில் பதினோரு பேர். எனக்கு முன்னால் பேசியவர் நாய்கள் ஓடுபாதைப் பக்கம் வருவதைப் பற்றிப் பேசினார். என் மூன்று நிமிடத்தில் நான் திட்டவில்லை. ராம்ப் யார் பணத்தில் போட்டது, கட்டணம் எங்கே எழுதியிருக்கிறது, எந்தச் சேவையும் வேண்டாம் என்கிறவன் எந்த வாசல் வழியாக வெளியே போவது என்று கேட்டேன். மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. அந்தத் தளத்தைச் சுற்றி எட்டு அடி வேலி. மான்கள் ஓடுபாதைக்கு வராமலிருக்க மானியத்தில் போட்டது. வெளியே போக ஒரே வழி எஃப்.பி.ஓ. கட்டடத்தின் கண்ணாடிக் கதவு. அதாவது 'செக்யூரிட்டி கட்டணம் 18 டாலர்' என்பது மானுக்குப் போட்ட வேலிக்கு மனிதனிடம் வாங்கும் காசு. இதைச் சொன்னபோது கடைசி வரிசையில் ஒருவர் சிரித்தார். அவரும் பைப்பர் என்ற பழைய சிறு விமானம் ஒன்று வைத்திருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

எஃப்.பி.ஓ. மேலாளர் அங்கேயே இருந்தார். கூட்டம் முடிந்து வாசலில் என்னிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. "காலை ஆறு மணிக்கு உனக்காக ஆள் வைத்திருக்கிறேன். டேங்கர் வண்டி, இன்ஷூரன்ஸ், கமிஷனுக்கு வாடகை, நீ வாங்குவது பத்து கேலன். கழிப்பறை என்னுடையது, காப்பி என்னுடையது" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஓசியில் எல்லாம் வேண்டும் என்கிற விமானிகளையும் நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் போடாமல் குக்கீயை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள். "உங்கள் காப்பியைக் குடித்தால் காசு தருகிறேன். குடிக்காமல் போக ஒரு கதவு கொடுங்கள்" என்றேன். "அது என் கையில் இல்லை, கமிஷனைக் கேள்" என்றார். கமிஷன் "வக்கீலைக் கேட்கிறோம்" என்றது. இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நானும் பிளம்பர் நண்பரும் தெற்கே போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் மேகம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. 1800 அடி, அப்புறம் 1500. வலது பக்கம் பன்னிரண்டு மைலில் ஒரு பெரிய விமானநிலையம், நீளமான ஓடுபாதை, இறங்கிக் காத்திருக்கலாம். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அங்கே எவ்வளவு கேப்பான்?"

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் ரேடியோவை அந்த ஊர் அலைவரிசைக்குத் திருப்பினார். இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் வானம் திறந்தது. 90 டாலர் கேட்டார்கள், இருவரும் பாதிப் பாதி கொடுத்தோம். ஆனால் அந்தப் பத்து வினாடியை என்னால் மறக்க முடியவில்லை. உயிருக்கும் 90 டாலருக்கும் நடுவே நான் கணக்குப் போட்டிருக்கிறேன், அதுவும் வாய்விட்டு.

பிரிட்டனில் இதை வெகுநாள் முன்பே ஒருவர் கவனித்திருக்கிறார். 1985 முதல் 1994 வரை நடந்த சிறிய விமான விபத்துகளை ஆராய்ந்த அந்நாட்டு விமானத்துறை அறிக்கை, நேரத்தோடு வேறு இடத்தில் இறங்கியிருந்தால் சில மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்றும், அப்படி இறங்குகிறவரிடம் இறங்கு கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. சார்லஸ் ஸ்ட்ராசர் என்ற விமானி அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விமானநிலையம் விமானநிலையமாகக் கேட்டுப் பேசிச் சம்மதம் வாங்கினார். ஆபத்திலோ முன்னெச்சரிக்கையாகவோ இறங்கினால் கட்டணம் இல்லை என்று இருநூறுக்கும் மேற்பட்ட தளங்கள் ஒத்துக்கொண்டன. இன்றும் அது ஸ்ட்ராசர் திட்டம் என்றே அறியப்படுகிறது. சட்டம் எதுவும் போடாமல், ஒரு மனிதர் போனும் தபாலுமாக விடாமல் துரத்திச் சாதித்த வேலை.

அந்த ஏப்ரல் சனிக்கிழமைக்குப் பிறகுதான் எனக்கு இது 165 டாலர் விஷயமாக இல்லாமல் போனது. திங்கள்கிழமை காலை அந்தக் கடற்கரை ஊர் கமிஷனுக்குப் பொது ஆவணக் கோரிக்கை அனுப்பினேன். நம் ஊரில் ஆர்.டி.ஐ. போடுவது போல. குத்தகை ஒப்பந்தம், விமானநிலையச் சொத்து வரைபடம், கட்டண அட்டவணை மூன்றும் வேண்டும் என்று கேட்டேன். ஐந்து வாரத்தில் 214 பக்கம் வந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி: எஃப்.பி.ஓ. தன் கட்டண அட்டவணையை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கமிஷனிடம் தாக்கல் செய்து ஒப்புதல் பெற வேண்டும். அப்படித் தாக்கல் செய்த அட்டவணைகளின் நகல் எங்கே என்று திருப்பிக் கேட்டேன். ஒரு வரிப் பதில் வந்தது: "அப்படி ஆவணம் எதுவும் எங்களிடம் இல்லை." அந்த மின்னஞ்சலை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மனைவி அதற்குப் பக்கத்தில் பால் கணக்கை ஒட்டிவைத்தாள்.

வரைபடம் அதைவிடச் சுவாரசியம். குத்தகைக்கு விட்ட பகுதி நீலத்தில், விடாதது வெள்ளையில். தெற்கு ஓரத்தில் ஒரு பழைய ராம்ப், பக்கத்தில் சிவப்புக் கூரைக் கொட்டகை, முழுக்க வெள்ளை. மானியத்தில் புதுத் தார் போட்டது, யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை. அக்டோபரில் எங்கள் வண்டி எங்கே நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். கோல்ஃப் வண்டிப் பையன் ஜெட்டுகளுக்கு இடம் வேண்டும் என்று எங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனது ஞாபகம் வந்தது. என் பெண்ணின் போனை வாங்கிப் பழைய படங்களைத் தள்ளினேன். அவளும் தம்பியும் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு செல்ஃபி. இரண்டு நாக்குகளுக்கும் நடுவில், தெளிவாக, எங்கள் இறக்கையும் சிவப்புக் கூரையும். கொட்டகை மேல் காற்றுத் திசை காட்டும் துணிப்பை கிழக்குப் பக்கம் பறக்கிறது.

குத்தகைக்காரர் தன் குத்தகையில் இல்லாத இடத்துக்குச் சுங்கம் வாங்கியிருக்கிறார். சந்தைக்கு வெளியே ரோட்டோரம் உட்கார்ந்தவளிடம் வந்து காசு கேட்ட மாதிரி.

எஃப்.ஏ.ஏ.-வின் வட்டார அலுவலகத்துக்குப் பதின்மூன்றாம் பகுதியின் கீழ் கடிதம் எழுதினேன். முதல் வரைவு பதினாறு பக்கம். பிளம்பர் நண்பர் வாங்கிப் படித்தார். பள்ளிப் படிப்பு முடித்ததோடு சரி, ஆனால் நகராட்சி இன்ஸ்பெக்டர்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர். சிவப்புப் பேனாவை எடுத்து 'கொள்ளை', 'அநியாயம்', 'வெட்கக்கேடு' எல்லாவற்றையும் அடித்தார். "கோபத்தை எடு. தேதியைப் போடு" என்றார். ஏழு பக்கமாகச் சுருங்கியது. இணைப்பில் ரசீது, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம், ஒரு வரி மின்னஞ்சல், வரைபடம், இரண்டு நாக்குகள்.

அமெரிக்க அரசின் கோப்பில் என் பிள்ளைகளின் நாக்கு இருக்கிறது என்பது இன்றும் வீட்டில் பெருமை.

பதில் வர நான்கு மாதம். மீறல் நடந்ததா இல்லையா என்று அவர்கள் எதுவும் சொல்லவில்லை. கட்டணம் அதிகம் என்றும் சொல்லவில்லை. கமிஷனோடு பேசினோம், அதன் பொறுப்பை நினைவூட்டினோம், கமிஷன் சில மாற்றங்கள் செய்ய ஒப்புக்கொண்டுள்ளது என்று அரைப் பக்கம். எனக்குச் சப்பென்று இருந்தது. அப்பாவுக்கு இல்லை. "மேலதிகாரி நினைவூட்டினாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றார்.

இதற்கிடையே வேறொரு தலைவலி. எங்கள் விமானங்களில் 2020 ஜனவரி 1 முதல், பல வான்பகுதிகளில் பறக்க, ஏ.டி.எஸ்.-பி. என்ற கருவி கட்டாயம். ஒன்றோடொன்று மோதாமலிருக்க, இருக்கும் இடத்தை வினாடிக்கு ஒருமுறை ஒலிபரப்பும் கருவி. பாதுகாப்புக்காக எங்கள் செலவில் மாட்டியது. இப்போது சில தளங்கள் அந்த ஒலிபரப்பைப் பிடித்து, யார் எத்தனை முறை சக்கரம் பதித்தார்கள் என்று எண்ணி வீட்டுக்கு பில் அனுப்புகின்றன. இறங்கிப் பழகும் மாணவன் ஒரு மணி நேரத்தில் எட்டு முறை தொட்டு எழும்புவான். எட்டுக்கும் பில் வந்தால் நான்கோடு நிறுத்திக்கொள்வான். இதைத் தடுக்க 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு மசோதா அறிமுகமானது. கருவியை அணைத்துவிட்டுப் பறக்கலாமா என்று ஒருவர் எங்கள் விமானக் கொட்டகையில் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

எங்கள் மாநிலத்திலேயே எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. 1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர்கள் பறந்த கில் டெவில் ஹில்ஸில், நினைவிடத்தை ஒட்டி 3000 அடி ஓடுபாதை. தேசியப் பூங்காத் துறையுடையது. பெட்ரோல் கிடையாது, சிவப்புக் கம்பளம் கிடையாது. ஒரே மூச்சில் 24 மணி நேரம் வரை நிறுத்திக்கொள்ளலாம். கயிறு நீ கொண்டுவா, நீயே கட்டு, நீயே நடந்து போ. உலகத்தில் விமானம் முதன்முதலில் எழுந்த இடத்தில் நின்றுகொண்டு புளியோதரை சாப்பிட்டிருக்கிறோம், யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

இந்த ஜூனில் மறுபடியும் அந்தக் கடற்கரை ஊருக்குப் போனோம். ரேடியோவில் "தெற்கு ராம்ப்" என்று கேட்டேன். ஒரு விநாடி தயங்கி, சரி என்றார்கள். கோல்ஃப் வண்டி வரவில்லை. சிவப்புக் கூரைக் கொட்டகைக்கு முன்னால் ஆறு விமானத்துக்கு இடம், வெள்ளைச் சாயம் புதிதாக அடித்திருக்கிறார்கள். தரையில் பதித்த இரும்பு வளையங்களில் மூன்று துருப்பிடித்துத் திருகிக்கொண்டிருந்தன. நான் இறக்கைக்கு ஒன்றும் வாலுக்கு ஒன்றுமாகக் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டேன். என் பையன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தான். வேலியில் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்குக் கதவு, எண் பூட்டு. பூட்டு எண் கதவின் உள்பக்கமே எழுதியிருந்தது. தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்ததால் தோளால் தள்ள வேண்டியிருந்தது.

கண்ணாடிக் கட்டடத்துப் பக்கம் ஃபெசிலிட்டி கட்டணம் இன்னும் 65 தான். 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ரெக்கவரி' மட்டும் மறைந்துவிட்டது. என் 165 திரும்ப வரவில்லை, நானும் கேட்கவில்லை.

கதவுக்கு வெளியே கம்பத்தில் ஓர் அலுமினியப் போர்டு. தெற்கு ராம்ப், முதல் நான்கு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் ஓர் இரவுக்கு 10 டாலர், கட்டணம் பெட்டியில் போடவும். அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இரவு பத்து மணி, தூங்கப் போயிருந்தார். போனைப் போர்டின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மெதுவாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏண்டா, தீர்மான எண் போடலையே? எந்தத் தேதியிலிருந்து அமல்னும் போடலை."

"ஆமாப்பா."

"அப்படி விடக் கூடாது. எழுதிக் கேளு."